நூலகந்தோறும் ஓர் ஆள் வேண்டும்!

அண்மையில் ஒரு கூட்டத்தின் பொருட்டுக் கொங்குநாட்டுச் சிற்றூர் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். ஊரின் பெயர் இங்கு வேண்டா; பல்லடத்திற்கும் பொள்ளாச்சிக்கும் இடையே எந்த ஊரின் பெயரை எழுதினும் பொருந்தும். கூட்டத்திற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஊர்ப்புற நூலகத்தைப் பார்த்து வரலாமே என்று நடந்தோம். கட்டடம் நல்ல கட்டடந்தான். பலகையில் எழுத்தும் நல்ல தமிழ்தான். ஆனால், கதவிற் பூட்டுத் தொங்கியது. படியில் இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் விசைத்தறித் தொழிலாளி. திருப்பிக் கொடுக்க வேண்டிய நூல் அவர் கையில் இருந்தது. மற்றவர் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண்மகள். "ஏனம்மா பூட்டியிருக்கிறது?" என்று வினவினோம். "நூலக அக்காவுக்கு ரெண்டு ஊருங்க ஐயா. இன்னைக்குப் பக்கத்து ஊர் முறைங்க, நாளைக்குத்தானுங்க இங்க வருவாங்க" என்றாள் அப்பெண்.

ஒருத்திக்கு இரண்டு ஊர்! இரண்டு பூட்டு, இரண்டு திறவுகோல், இரண்டு பதிவேடு. அவர் இங்கிருக்கையில் அங்குப் பூட்டு. அங்கிருக்கையில் இங்குப் பூட்டு. அவர் காய்ச்சலிற் படுத்தாலோ இரண்டு ஊரிலும் பூட்டு. இதில் அந்த நூலகரின் பிழை யாதொன்றும் இல்லை. கூட்டுவதும் அவரே, நூல் எடுத்துத் தருவதும் அவரே, கணக்கெழுதுவதும் அவரே, கிழிந்த நூலை ஒட்டுவதும் அவரே. பிழை யாருடையது என்பதே நம் வினா. விடை நமக்கு உவப்பாக இராது.

முதலிற் சில உண்மைகளை நெஞ்சில் இருத்துவோம். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொதுநூலகச் சட்டம் பிறந்தது நம் நாட்டில்தான். ஆண்டு 1948. அதனைக் கொண்டுவந்த கல்வியமைச்சர் திருப்பூரிற் பிறந்த தி. சு. அவிநாசிலிங்கனார், கொங்குநாட்டின் மைந்தர். தமிழில் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வெளிவரக் கால்கோள் இட்டவரும் அவரே. அச்சட்டத்திற்குப் பின்னின்று அறிவு கொளுத்தியவர் சீர்காழியிற் பிறந்த நூலக அறிஞர் சீ. இரா. அரங்கநாதனார். 1931-இல் அவர் வகுத்த ஐந்து நெறிகளை இன்று உலக நாடுகள் பலவும் பாடமாக வைத்திருக்கின்றன. நூல் என்பது பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுதற்கே என்பது அவ்வைந்தனுள் முதலாவது. அந்த நெறி பிறந்த மண்ணில், அந்தச் சட்டம் பிறந்த நாட்டில், நூலகக் கதவிற் பூட்டு!

அச்சட்டத்தின் உயிர்நாடி நூலக வரியாகும். நாம் செலுத்தும் சொத்துவரியில் உருபாவிற்குப் பத்துக் காசு நூலகத்திற்கென்றே தனியே தண்டப்பெறுகின்றது. ஓட்டு வீட்டுக்காரனும் செலுத்துகின்றான், மாளிகைக்காரனும் செலுத்துகின்றான், குடிக்கூலிக்கு இருப்பவனும் அக்கூலியின் வழியே செலுத்துகின்றான். ஆகவே, நூலகம் எவரோ இரங்கி நமக்கு இடும் பிச்சையன்று. நாம் பொருள் கொடுத்துப் பெற்ற உரிமை. ஆயின், உள்ளாட்சிகள் தண்டும் அவ்வரி உரிய காலத்தில் நூலக ஆணைக்குழுவின் கைக்குச் சென்று சேராமல் தேங்கி விடுகின்றது என்னும் முறையீடு பல்லாண்டுகளாகவே எழுந்து வருகின்றது. நம் பணம் நம் ஊரிலேயே வழிமறிக்கப்படுகின்றது. நாமோ அதனை வினவியதும் இல்லை. வினவலாம் என்று அறிந்ததும் இல்லை.

தமிழ்நாட்டில் மாவட்ட நடுவ நூலகம் முதல் பகுதிநேர நூலகம் வரை 4,500-க்கும் மேற்பட்ட பொதுநூலகங்கள் உள்ளன. இவையன்றி, 2006-ஆம் ஆண்டு தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ், ஊராட்சிதோறும் நூலகம் கட்டும் பணி நடந்தது. 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளைக் கருதி வகுத்த பெருந்திட்டம் அது. நோக்கம் உயர்ந்தது; ஐயமில்லை. ஆனால், கட்டடம் எழுந்த ஊர்கள் பலவற்றில் இன்று என்ன காண்கின்றோம்? உடைந்த நாற்காலியும் ஊராட்சியின் தட்டுமுட்டுப் பொருள்களும் நூலகத்திற்குள்ளே. நூல்களோ கறையானின் வயிற்றுக்குள்ளே. ஏன் இவ்வாறு ஆயிற்று? கட்டடத்திற்குப் பணம் இருந்தது. ஆளுக்குப் பணம் இல்லை. நிலையான ஊதியமும் பயிற்சியும் உடைய ஒருவரை அமர்த்தாமல், கட்டடம் தானே நூலகமாகி விடும் என்று நம்பினோம். சமைப்பவள் இல்லாத அடுக்களையில் சோறு தானே வேகுமோ?

அமெரிக்கச் செல்வர் கார்னகி என்பார் உலகெங்கும் 2,500-க்கும் மேற்பட்ட நூலகக் கட்டடங்களுக்குப் பொருள் கொடுத்தவர். அவர் ஒரு வரையறை வைத்திருந்தார். நிலத்தை ஊர் தரல் வேண்டும். கட்டடத்திற்கு அவர் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஊரார் ஆண்டுதோறும் நூலகத்தை நடத்தச் செலவிட ஒப்புதல் வேண்டும். ஒப்பாத ஊருக்குப் பணம் இல்லை. கட்டுவது ஒருநாட் செயல், நடத்துவதோ என்றுமுள கடமை என்பதை அவ்வணிகர் அறிந்திருந்தார். கணக்கிற் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த கொங்குநாட்டார்க்கு இக்கணக்கு விளங்காமற் போகலாமோ?

கோவை காந்திபுரத்தில் பெரியார் பெயரால் பெருநூலகத்திற்கும் அறிவியல் நடுவத்திற்கும் 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பெற்றதை மனமார வரவேற்கின்றோம். சென்னையில் 2010-இலும் மதுரையில் 2023-இலும் திறந்த பெருநூலகங்கள் எத்துணை இளைஞர்க்கு வாழ்வளிக்கின்றன என்பதை அறிவோம். ஆயினும், ஆனைமலை அடிவாரத்துப் பிள்ளை நாள்தோறும் காந்திபுரத்திற்கு வர இயலுமோ? பெருநூலகம் மரத்தின் முடி. ஊர்ப்புற நூலகம் அதன் வேர். முடிக்குப் பூச்சூட்டி வேருக்கு நீர் விடாதவன் உழவன் அல்லன்.

இதுகாறும் அரசைக் குறை கூறினோம். இனி நம்மை நாமே வினவிக்கொள்வோம். தமிழ், தமிழர், தமிழ்நாடு என்று மேடைதோறும் முழங்கும் நாம் எத்தனை படிப்பகங்களைத் திறந்தோம்? பலவற்றைத் திறந்தோம். எத்தனையை நடத்தினோம்? திறப்புவிழாவிற்கு ஒலிபெருக்கி, மாலை, பறைமுழக்கம். மறு ஆண்டு அதே இடத்தில் தையற்கடை. அதுமட்டுமோ? திறந்த படிப்பகங்களிலும் நம் வெளியீடுகளையே நிரப்பி, மாற்றார் நூலைத் தீண்டத்தகாததாக்கினோம். முன்னரே நம்மோடு உடன்பட்டவன் மட்டுமே அங்கு வந்தான். அவனும் நாளடைவில் வாராதொழிந்தான்.

ஈரோட்டை அடுத்த ஓலவலசில் தோன்றிய புலவர் குழந்தை இயற்றிய இராவண காவியம் 1946-இல் வெளிவந்தது. 1948-இல் தடை செய்யப்பட்டது. 1971-இல்தான் தடை நீங்கிற்று. நூலகச் சட்டம் பிறந்த அதே ஆண்டில் நூலுக்குத் தடையும் பிறந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். அத்தடையின் கொடுமையை நுகர்ந்த நாமே, நம் நூலகத்தின் தட்டுகளில் நமக்கு ஒவ்வாத நூலுக்குத் தடை போடலாமோ? நூலகம் கட்சிப் பாசறையன்று. அதன் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்க வேண்டும். அதன் தட்டும் அவ்வாறே.

பொருளும் ஆளும் குறைவு என்பது நூலகம் நடத்தாமைக்குக் கரணியம் ஆகாது என்பதற்கு நம் முன்னோர் சிலர் சான்று. மறைமலையடிகள் பெருஞ்செல்வர் அல்லர். தம் வருவாயைச் சிறுகச் சிறுக நூல்களாக மாற்றினார். ஏறத்தாழ 4,000 நூல்கள் சேர்ந்தன. அவர் மறைந்தபின் அவையே 1958-இல் சென்னையில் மறைமலையடிகள் நூல்நிலையம் ஆயின. மன்னார்குடியை அடுத்த மேலவாசலைச் சேர்ந்த கனகசபையார் 1931-இல் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊரூராக அனுப்பினார். அவ்வண்டி நூலகத்தைத் தொடங்கி வைத்தவர் அரங்கநாதனாரே. கோட்டையூர் முத்தையாவோ பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ஓவியர். பழைய கடைகளில் எடைக்குப் போன நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் தேடித்தேடிச் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்தபொழுது ஏறத்தாழ நூறாயிரம் வெளியீடுகள் இருந்தன. இன்று சென்னையில் அவர் பெயர் தாங்கிய ஆராய்ச்சி நூலகத்திற்கு உலக ஆய்வாளர்கள் வருகின்றனர். இவர்கள் எவரும் அரசின் ஆணைக்குக் காத்திருக்கவில்லை.

அப்படியாயின், ஓர் ஆளும் ஓர் அறையும் சில நூறு நூல்களுமே உள்ள சிறு நூலகத்தை நாம் எவ்வாறு நடத்துவது? பட்டறிவில் தெளிந்த சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, திறக்கும் நேரம். எட்டு மணிநேரம் திறப்பதாகப் பலகையில் எழுதி, கிழமைக்கு மூன்று நாள் பூட்டி வைப்பதினும், இரண்டே மணிநேரம் தவறாமல் திறப்பது நூறு மடங்கு மேல். படிப்பவன் இருமுறை பூட்டைக் கண்டால் மூன்றாம் முறை வாரான். அந்த இரண்டு மணிநேரமும் எப்பொழுது என்பதை ஊரின் தொழிலே முடிவு செய்யட்டும். சோமனூர்ப் பக்கத்துத் தறிக்காரர்க்கும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளர்க்கும் பகல் பத்துமணி நூலகம் எதற்கு? அவர்க்கு வேண்டுவது இரவு ஏழு முதல் ஒன்பது வரை எரியும் ஒரு விளக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகளுக்கென்று தனியே இருத்தல் நன்று.

இரண்டாவது, ஆள். எழுவர் கூடி ஆளுக்கு ஒரு மாலை என முறை வைத்துக்கொண்டால், ஒவ்வொருவரும் கிழமைக்கு இரண்டு மணிநேரமே தருவர். நூலகமோ நாள்தோறும் திறந்திருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லூரி மாணவர், இல்லத்தரசியர் என ஊருக்கு எழுவர் கிடையாரோ? ஆனால், திறவுகோல் இரண்டு இருத்தல் வேண்டும். முறை தவறுவோர் முன்னாளே மற்றவர்க்குச் சொல்லுதல் வேண்டும். இவ்விரண்டும் இன்மையாலேயே மாய்ந்த படிப்பகங்கள் பல.

மூன்றாவது, நூல்கள். எவரோ வீட்டை வெள்ளையடிக்கையில் கழித்துத் தள்ளும் பழைய தேர்வு வழிகாட்டிகளையெல்லாம் கொடை என்று வாங்கி அடுக்காதீர்கள். எவரும் எடுக்காத 5,000 நூலினும் எல்லாரும் எடுக்கும் 500 நூல் மேல். அகரமுதலி, வரலாறு, உழவும் தறியும் பற்றிய நூல்கள், உடல்நலம், சட்டம், கதைகள், பிள்ளைகட்குப் படநூல்கள் என ஊரின் தேவையறிந்து தேர்க. யாப்பிலக்கணம் கேட்பவன் ஊருக்கு ஒருவன். தென்னையில் வெள்ளைப் பூச்சிக்கு வழி கேட்பவன் ஊருக்கு நூற்றுவன். இருவர்க்கும் அங்கு விடை இருத்தல் வேண்டும். தென்னைக்கு விடை தேடி வந்தவனே நாளை திருக்குறளையும் கையில் எடுப்பான்.

நான்காவது, கணக்கு. வகைப்பாட்டு முறைகளைக் கண்டு அஞ்ச வேண்டா. வரவுப் பதிவேடு ஒன்று, வழங்கற் பதிவேடு ஒன்று, பணக்கணக்கு ஒன்று. மூன்றே குறிப்பேடுகள் போதும். நூல்களைப் பொருள்வாரியாகப் பத்துப் பன்னிரு பிரிவாக்கி, தட்டின்மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுக. எழுத்தறிந்த சிறுவனும் தானே தேடியெடுக்க வேண்டும். காலந்தாழ்ந்து கொணர்ந்தவனைத் தண்டம் கட்டச் சொல்லி விரட்டாதீர்கள். நூல் திரும்பி வந்ததே என மகிழுங்கள். தொலைந்த நூலினும் தொலைந்த படிப்பாளனே பேரிழப்பு.

ஐந்தாவது, பேணுதல். தட்டுகளைச் சுவரினின்று நான்கு விரல் தள்ளி வைக்க. தரையிலிருந்து உயர்த்தி வைக்க. மழைக்காலத்திற்கு முன்னும் பின்னும் நூல்களை எடுத்துத் தூசு தட்டி நிழலில் உலர்த்துக. நம் பாட்டன்மார் ஏட்டுச்சுவடிக்கு இட்ட வேப்பிலையும் நொச்சியும் வசம்பும் இன்றும் நம் வேலியிலும் கடையிலும் உள்ளன. செலவு சில காசுகளே.

ஆறாவது, பணம். இருநூறு வீடுகள் திங்களுக்குப் பத்து உருபா கொடுத்தால் ஆண்டிற்கு 24,000 உருபா ஆகும். மின்கட்டணமும் நாளிதழும் சில புதுநூல்களும் அதனுள் அடங்கும். திருமணத்திற்கு மொய் எழுதும் பழக்கம் கொங்குநாட்டில் ஆழ வேரூன்றியது. மணவீட்டார் தம் பெயரால் ஊர் நூலகத்திற்கு ஐந்து நூல் மொய் எழுதும் வழக்கத்தை நம் தோழர் வீட்டுத் திருமணங்களிலிருந்தே தொடங்குவோம். வந்த ஒவ்வொரு காசின் கணக்கையும் திங்கள்தோறும் கதவில் ஒட்டுக. கணக்குக் காட்டாத பொதுப்பணி கட்டாயம் சாகும்.

ஏழாவதாக ஒன்றுண்டு, அஃது எல்லாவற்றினும் தலையாயது. விசயமங்கலத்துக் கொங்குவேளிர் பாடிய பெருங்கதையின் முதலும் முடிவும் இன்று நமக்கு இல்லை. கிடைத்தது இடைப்பகுதியே. அந்த ஏடுகளைக் கடைசியாகக் கண்ட கண்கள் யாருடையவோ, அவற்றை ஆடிப்பெருக்கில் விட்டவரோ அடுப்பில் இட்டவரோ யாரோ, அறியோம். இன்றும் ஒவ்வொரு ஊரிலும் அழிந்துகொண்டிருப்பவை எத்தனை! பழைய திருமண அழைப்பு, கூத்து நூல், கும்மிப் பாட்டுப் புத்தகம், ஆலைத் தொழிற்சங்கத் துண்டறிக்கை, கோயிற் கணக்கு, முதியோர் வாயிலுள்ள உழவுச் சொற்கள். இவற்றை எந்தப் பெருநூலகமும் தேடி வாராது. அவ்வூர் நூலகமே அவற்றிற்குத் தாய்வீடு. ஒரு தகரப் பெட்டியும் ஒரு குறிப்பேடும் போதும், இன்றே தொடங்கலாம்.

இங்கே ஒரு தடை எழுப்புவர் சிலர். "நாமே நூலகம் நடத்தத் தொடங்கினால், அரசு தன் பொறுப்பினின்று நழுவி விடாதோ? ஊதியமின்றி உழைக்க ஆள் உண்டென்று அறிந்தால் ஊதியமுடைய நூலகரை ஏன் அமர்த்துவர்?" என்பர். இது வெற்றுத் தடையன்று. 2010-க்குப் பின் இங்கிலாந்தில் உள்ளாட்சிகள் பல செலவைக் குறைக்கத் தம் நூலகங்களைத் தொண்டர் தலையிற் கட்டின. கட்ட இயலாதவற்றை மூடின. அங்கு நடந்தது இங்கும் நடக்கலாம். ஆகவே, நம் நிலைப்பாட்டைத் தெளிவாகக் கூறுகின்றோம். தொண்டர் நூலகரின் தோளுக்குத் துணை. நூலகரின் நாற்காலிக்கு மாற்றல்லர். நூலகர் ஊதியத்தை மிச்சப்படுத்த நாம் தொண்டு செய்யவில்லை. பூட்டிய கதவைத் திறந்து வைக்கவும், நிலையான ஊதியத்தில் ஊருக்கு ஒரு நூலகரைக் கேட்கும் குரலுக்கு வலிமை சேர்க்கவுமே செய்கின்றோம். கேரளத்தைக் காண்க. பி. என். பணிக்கர் என்னும் பள்ளியாசிரியர் 1945-இல் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துத் தொடங்கிய இயக்கம், மக்களே நடத்தும் நூலகமும் அரசின் உதவித்தொகையும் கைகோத்து நடக்கலாம் என்று காட்டிற்று. படிப்பார் கூட்டம் இல்லாத நூலகத்தை மூட அரசுக்கு ஒரு கையெழுத்துப் போதும். ஊரே கூடியிருக்கும் நூலகத்தை மூட எந்த அரசும் அஞ்சும்.

கேட்கும் வழியும் நமக்குண்டு. 'கிராம சபை' எனப்பெறும் ஊரவை ஆண்டிற்கு ஆறுமுறை கூடுகின்றது: சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகசுட்டு 15, அக்தோபர் 2, நவம்பர் 1. அங்கு எழுந்து நின்று, நம் நூலகத்திற்கு முழுநேர நூலகர் வேண்டும் என்று முடிவு எழுதச் செய்யுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் உள்ளது. பத்து உருபாக் கட்டணத்தில், நம் உள்ளாட்சி தண்டிய நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவிற்குச் செலுத்தியது எவ்வளவு, நிலுவை எவ்வளவு என மூன்றே வினாக்களை எழுதிக் கேளுங்கள். மேடையில் மூன்று மணிநேரம் முழங்குவதினும் அம்மூன்று வரிகள் ஆற்றல் மிக்கவை.

இறுதியாக ஒன்று. யாழ்ப்பாணத்தில் க. மு. செல்லப்பா என்பார் 1933-இல் தம் இல்லத்தில் நூல்களை வைத்து ஊரார்க்குப் படிக்கக் கொடுத்தார். அச்சிறு வித்தே வளர்ந்து பெருநூலகமாகி, 1959-இல் புதுக்கட்டடத்தில் திறக்கப்பெற்றது. அதன் அமைப்பிற்கு அறிவுரை கூறியவரும் நம் அரங்கநாதனாரே. 1981-ஆம் ஆண்டு மே 31 இரவு அந்நூலகத்திற்குத் தீ வைத்தனர். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. உலகத் தமிழர் அனைவரும் குமுறினோம். இன்றும் அந்நாளிற் கண்ணீர் சிந்துகின்றோம். சிந்த வேண்டியதே. ஆனால், தோழர்களே, கறையான் தின்னும் நூலும் எரிந்த நூலும் படிப்பவனுக்கு ஒன்றே. அங்கே தீ வைத்தவன் பகைவன். இங்கே பூட்டைப் பூட்டவிட்டு வாளாவிருப்பவர் யார்?

அவ்வூர்ப் படியில் அமர்ந்திருந்த அப்பெண்மகள், நாம் கூட்டம் முடிந்து திரும்புகையில் அங்கில்லை. இருட்டி விட்டது, வீட்டுக்குப் போயிருப்பாள். அவள் மறுநாளும் வந்திருக்கலாம். ஆனால், எத்தனை நாள் வருவாள்? அவள் வருகின்ற நாள்கள் முடிவதற்குள் அக்கதவு திறக்க வேண்டும். இவ்விதழைப் படித்து முடித்ததும் உங்கள் ஊர் நூலகம் வரை ஒருமுறை நடந்து சென்று வாருங்கள். திறந்திருந்தால் உள்ளே சென்று உறுப்பினர் ஆகுங்கள். நூலகர்க்கு என்ன துணை வேண்டும் என்று வினவுங்கள். பூட்டியிருந்தால், அந்தப் பூட்டு எவ்வளவு நாளாகத் தொங்குகின்றது என்று அண்டை வீட்டாரைக் கேளுங்கள். பின்னர் உங்களையும் சேர்த்து எழுவரைத் தேடுங்கள்.